பன்னிரண்டும் சைபரும்

ரேணுகா சைபர் போட்டிருந்தாள். அவள் கணவன் அஸ்வின் போட்டிருந்தது பன்னிரண்டு.

நர்ஸ் அன்னம்மாள் இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தார். ‘மாதத்தில் எத்தனை முறை உடலுறவு?’ என்பது ஏழாவது கேள்வி. குழந்தைக்காக வருகிற கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்து எழுதச் சொல்வது ஆவடியில் இருந்த அந்த மருத்துவமனையின் வழக்கம்.

“ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?”

அஸ்வினுக்குக் காது மடல் சுட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம். வெளி பெஞ்சில் அவன் அம்மா பஞ்சவர்ணம் வேறு காத்திருந்தாள். இந்தச் சைபர் அவள் காதுக்குப் போனால் அவர்கள் ஊரான வேப்பம்பட்டு முழுக்கப் பரவிவிடும். அப்புறம் அவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

காலையில்கூடச் சண்டை ஒன்றும் இல்லை. விவாகரத்து வாங்க நினைக்கிற பெண்கள் இப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள் என்று கம்பெனியில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

“அவ தப்பா எழுதிகீறா சிஸ்டர். நான் போட்டதுதான் கரெக்ட்டு.”

“சில பேரு கட்டிப்பிடிச்சுப் படுக்கறதையும் சேர்த்துக்கறாங்க தம்பி. எதுவரைக்கும் போனா அது உறவுன்னே சில பேருக்குத் தெரியறதில்ல. நான் கேக்கறது...”

“தெரியும் சிஸ்டர். முழுசாத்தான் சொல்றேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒரு நாள்கூட வேணான்னு சொன்னதில்ல. கேட்டுப் பாருங்க.”

ரேணுகா நிமிரவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அன்னம்மாளின் விரல் அவளுடைய தாளில் மேலே நகர்ந்தது. “ஏதோ மாத்திரை எழுதியிருக்கியேம்மா?”

“ஒத்தத் தலைவலிக்கு சிஸ்டர்,” என்று அஸ்வினே பதில் சொன்னான். “வாரத்துக்கு மூணு தபா போடுவா. அத்தப் போட்டா ஊட்டையே தூக்கினு போனாலும் எந்திரிக்க மாட்டா.” சொல்லிவிட்டுச் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

“ரெண்டு தாளும் ஒத்துப்போனாத்தான் டாக்டர் வைத்தியத்தை ஆரம்பிப்பாங்க. நல்லா யோசிச்சு எழுதும்மா.” அன்னம்மாள் தாளை அவளிடம் தள்ளினார்.

அஸ்வின் தன் பேனாவை நீட்டினான். “சரியா போடு ரேணு. இன்னாத்துக்கு என்னை அசிங்கப்படுத்தற?” அவன் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகமாக இருந்தது.

ரேணுகா பேனாவை வாங்கினாள். பழைய சைபரின் மேலேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, அதை இன்னும் அழுத்தமாக்கினாள்.

“கேள்வி உனக்குப் புரிஞ்சுதாம்மா?” என்றார் அன்னம்மாள்.

“புரிஞ்சுது சிஸ்டர்.” அவள் முதல்முறையாக நிமிர்ந்து அஸ்வினைப் பார்த்தாள். “நான் முழிச்சினு இருந்தப்ப நடந்ததை மட்டும்தான் எழுதிகீறேன்.”