கவர் இல்லாத சுருட்டு

“சுருட்டுப் பெட்டி எங்கே? எவன் சுருட்டினான்?”

மேனேஜர் பாக்கியநாதன் போட்ட கூச்சலில், அவருடைய கேபினைத் துடைத்துக்கொண்டிருந்த மெர்சி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“யாரும் சுருட்டல சார். போன வாரம் ஏசிய ரிப்பேர் பண்ண வந்தாங்கல்ல? தூசி படுமேன்னு நான்தான் எடுத்து வச்சேன்.”

“எங்கே வச்சே?”

“நாங்க சோறு துன்ற ஷெட்டுல.”

“என்னது!” பாக்கியநாதன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

எழ மாட்டாரா பின்னே? அது என்ன, பெட்டிக்கடைச் சுருட்டா? நாலு மாதம் முன்பு, இரும்பு பைப் வாங்குவதற்காகக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் பரிசாகக் கொடுத்தது. அதற்கென்றே ஒரு தேக்கு நிறப் பெட்டி. ஹியூமிடார் என்று பெயராம். உள்ளே ஈரம் எவ்வளவு என்று காட்ட மூடியில் ஒரு மீட்டர். சுருட்டுகளைப் பிளாஸ்டிக் கவரோடு வைப்பதா, கவரை உரித்துவிட்டு வைப்பதா என்று பாக்கியநாதன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். தெரிந்தவர்களிடம் எல்லாம் போன் போட்டுக் கேட்டார். கடைசியில் ‘கவர் இருந்தா அதுக்கு மூச்சு முட்டும்’ என்று ஒவ்வொன்றாக உரித்து அடுக்கினார். நாளைக்கு அந்த வெளிநாட்டுக்காரர் மறுபடி வருகிறார். அவரோடு உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தால் புது ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான்.

சுருட்டுக்கு மூச்சு முட்டும் என்று பதறிய இதே மனுஷரிடம்தான் போன மாதம் மெர்சி வந்து நின்றாள். பெண்கள் சாப்பிடும் ஷெட்டின் சுவரை ஒட்டித்தான், பைப்பில் துரு போகக் கழுவும் ஆசிட் தொட்டி இருந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து வேலைக்கு வரும் கங்கம்மா, வாயில் வைத்த சோற்றை விழுங்கக்கூட முடியாமல் இருமி இருமி மயங்கி விழுந்துவிட்டாள். ஷெட்டை வேறு பக்கம் மாற்றுங்கள் என்று மெர்சி கெஞ்சினாள்.

“காலைல நாஷ்டா துன்னாம வந்திருப்பா, அதான் மயக்கம். நாத்தம்லாம் உங்க மனசுலதான். போகப் போகப் பழகிடும்” என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் பாக்கியநாதன். கங்கம்மா அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை.

“அறிவிருக்கா உனக்கு?” என்று இப்போது மேஜையைத் தட்டினார். “அந்த ஷெட்டுல கொண்டுபோய் வைப்பாங்களா? ஆசிட் காத்து அடிக்கிற இடம்!”

“கவர் இருந்தா தப்பிச்சிருக்குமா சார்?”

“கொஞ்ச நாளாவது தாங்கியிருக்கும். எல்லாத்தையும் உரிச்சாச்சே! பச்சைப்புள்ள மாதிரிம்மா அது. சுத்தி என்ன காத்து இருக்கோ, அதைத்தான் குடிக்கும். அந்த நாத்தம் உள்ள ஏறிடுச்சுன்னா அவ்ளோதான், குப்பையில போட வேண்டியதுதான்!”

“நாங்களும் கவர் இல்லாமத்தான் சார் அங்க குந்தினு கீறோம்.”

“நீயும் சுருட்டும் ஒண்ணா? வாய் பேசாம எடுத்துட்டு வா!”

மெர்சி வெளியே போகவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“காலைலயே எடுத்தாந்துட்டேன் சார். மோந்து பாருங்க.”

பாக்கியநாதன் பரபரவென்று மூடியைத் திறந்தார். ஒரு சுருட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் அஷ்டகோணலாகியது.

“போச்சு! எல்லாம் போச்சு! அதே ஆசிட் நாத்தம், தொண்டையைக் கமறுது! ஒரே வாரத்துல பாழ் பண்ணிட்டியே! நாளைக்கு அந்த ஆள் மூஞ்சில எதைக் கொண்டுபோய் நீட்டுவேன்?”

“மனசுலதான்னு சொன்னீங்களே சார்?”

“என்ன மனசு? எனக்கென்ன மூக்கு இல்லையா? நாறுது! அந்த ஷெட்டு ஒரு இடமா? ஒரு பொருள் அங்க உருப்படுமா?”

“இத்தத்தான் சார் நானும் போன மாசம் சொன்னேன். கங்கம்மா இன்னும் இருமிக்கினு ஊட்டுல கெடக்குது. அப்ப உங்க மூக்கு இன்னா ஆச்சு?”

“என்னையே எதிர்த்துப் பேசறியா? நாளையிலேருந்து வேலைக்கு வராதே நீ!”

“வரல சார். உங்க சம்பளம் வாங்கித் துன்னது போதும்.” மெர்சி பெட்டியின் மூடியைச் சாத்தினாள். “போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிடறேன். கர்த்தர் மன்னிக்கட்டும், நான் சொன்னது பொய். இந்தப் பொட்டி ஷெட்டுக்குப் போவவே இல்ல. ஒரு வாரமா உங்க சேருக்குப் பின்னால அந்த அலமாரிலதான் இருந்திச்சு. அதுக்கு முன்னாடி உங்க மேஜை மேல. வந்த நாள்லேருந்து இந்த ரூமைத் தாண்டினதே இல்ல.”

பாக்கியநாதன் கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார்.

“அப்போ... இந்த நாத்தம்?”

“தொட்டிக்கு அந்தாண்ட எங்க ஷெட்டு, இந்தாண்ட உங்க ரூமு” என்றபடி மாப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள் மெர்சி. “உங்களுக்குத்தான் சார் பழகிப்போச்சு.”