சிறு சாளரத்தில் ஒன்பது

அவள் கட்டைவிரல் கேமராவின் அடியில் இருந்தது. பின்கதவின் கொக்கி அங்கேதான்.

ஒரு நெம்பு போதும்.

அவள் இன்னும் நெம்பவில்லை.

மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் கொடித்துணிகள் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கின. அவள் கணவன் பெர்க்மான்ஸ் அவற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னுமா அதையே பாத்துக்கிட்டிருக்க? காலி டப்பாட்டி அது. தொறந்து பாரு. உள்ள கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திக்கிட்டிருக்கும்."

அது ஹில்டாவின் கேமரா.

ஹில்டா அவனுடைய முதல் மனைவி. இறந்து பதினோரு வருடம்.

பீரோவின் மேல்தட்டில், ஒரு தலையணை உறைக்குள் கிடந்தது. இந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு வருடமாகியும் அவள் அந்தத் தட்டில் கை வைத்ததில்லை. இன்று மத்தியானம் அவனே எடுத்து நீட்டினான். ஒன் கிளாசுக்கு ஆகும்ல, என்றான்.

கேமராவின் பக்கவாட்டில் பொத்தான் அளவுக்கு ஒரு சாளரம்.

அதற்குள் ஒன்பது என்ற எண்.

மாலைப் புகைப்பட வகுப்பு நோட்டை மடியில் விரித்திருந்தாள். நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. ஒரு பக்கம் ரோலைஃப்ளெக்ஸ். மறுபக்கம் ரோலைகார்டு. ஒரே ஜெர்மன் கம்பெனியில் பிறந்த அண்ணன் கேமராவும் தம்பி கேமராவும்.

அண்ணனுக்குச் சுழற்றுகிற கைப்பிடி. தம்பிக்குத் திருகு.

தம்பியில் பழைய வகை என்றால் எண்ணை நம்பக்கூடாது. உள்ளே ஃபிலிம் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு நகரும். நாமாகத் திருப்பும்வரை பழைய எண்ணிலேயே நிற்கும்.

அண்ணன் அப்படியில்லை. ஃபிலிம் சுருளின் தாள் உருளைக்கு அடியில் நுழைந்தால்தான் எண்ணத் தொடங்குவான். கதவைத் திறந்தால் எண்ணியதெல்லாம் மறந்துவிடுவான்.

தம்பி பொய் சொல்லலாம். அண்ணனுக்குப் பொய் வராது.

இடத்தையும் வலத்தையும் மாற்றி எழுதிவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். மறுபடி வாசித்தாள். கேமராவைத் தடவிப் பார்த்தாள்.

கைப்பிடிதான்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் தடவினாள்.

கைப்பிடியேதான்.

அப்படியென்றால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. ஒன்பதாவது படத்துக்குக் காத்து நிற்கிறது. எட்டுப் படங்கள் பதினோரு வருடமாக இருட்டில் சுருண்டு கிடக்கின்றன.

ஹில்டா எதைப் பார்த்திருப்பாள்? உப்பளத்து வெள்ளைக் குவியல்களையா? மழைக்கு முந்திய கடலையா? இதே கொடியை, இதே காற்றையா?

ஹில்டாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இந்தக் கல்யாணத்துக்கு முன்பே சுவரிலிருந்த படங்களையெல்லாம் ஹில்டாவின் அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. சிலசமயம் கனவில் ஒரு பெண் வந்து கூடத்தில் உட்காருவாள். கழுத்துக்கு மேலே வெறும் வெளிச்சமாக இருக்கும்.

கொக்கி விரலடியில் சில்லென்றிருந்தது.

நெம்பினால் வெயில் ஒரே மிடறில் எட்டையும் குடித்துவிடும். காலி என்று சொன்னவன் அவன். திறக்கச் சொன்னவனும் அவன். அவளை யார் என்ன சொல்ல முடியும்?

கட்டைவிரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு அதை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கேமராவின் தலையிலிருந்த மூடியைத் திறந்தாள். கண்ணாடியில் மாடி மிதந்தது. அதற்குள் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் இருந்தன. காற்று எதிர்ப்பக்கம் வீசியது. பெர்க்மான்ஸ் தோள் நிறையத் துணியோடு, தண்ணீருக்கடியில் நடப்பவன்போல, அவளை விட்டு விலகி நடந்தான்.

அழுத்தினாள்.

கிளிக்.

சுழற்றாமல் ஒரே எண்ணில் இரண்டாம் தரம் அழுத்த முடியாது; அப்படியென்றால் ஒன்பதை யாரும் எடுத்திருக்கவில்லை. ஆக, எட்டு. சரியாக எட்டு.

கைப்பிடியைச் சுழற்றினாள். ஈரச் சேலையை இழுப்பதுபோல் உள்ளே ஏதோ கனத்து நகர்ந்தது. சாளரத்தில் பத்து வந்து நின்றது.

அவன் சத்தம் கேட்டுத் திரும்பினான். "ஏட்டி, என்னைப் போயி ஏன் எடுக்க?"

"காலி டப்பாதான? உங்களுக்கென்ன?"

துணிகளைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். ஒரு துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

அருகில் வந்து கையை நீட்டினான்.

"தா."

வாரைக் கழுத்தில் மாட்டினான். தலை தானாகக் குனிந்தது. பார்க்காமலே விரலால் தட்டினான். மூடிக்குள்ளிருந்து சின்ன உருப்பெருக்கி எழுந்து நின்றது. இடக்கை படத்தைக் கூர்மையாக்கும் திருகைத் தேடவில்லை. அது இருந்த இடத்துக்கே போனது.

அவள் இதைப் பழக நான்கு புதன்கிழமை வகுப்புகள் ஆகியிருந்தன.

எட்டையும் எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரை எடுத்தது என்பதும்.

திறந்து பாரு என்று சொல்லும்போது அவன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

"அந்தச் சுவத்துப் பக்கமா நில்லு," என்றான்.

போய் நின்றாள். வெயில் அவள் கன்னத்தில் பட்டது. யாருக்கோ சொந்தமான வெயில்போல் இருந்தது. ஆனாலும் இதமாக இருந்தது.

கேமராவின் முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேலே உள்ளதன் வழியாக அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே உள்ளதன் பின்னால்தான் ஃபிலிம்.

"கீழ பாக்காத. மேல பாருட்டி."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

கீழே இருந்த கண்ணைப் பார்த்தே சிரித்தாள்.