பரஸ்தானப் பை

கப்பல் ஏறத் துறைமுகத்துக்கு எதில் போவது என்று சபேசன் மூன்று வாரமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தார். கால் டாக்சி நெரிசலில் மாட்டும், பஸ்ஸில் பெட்டி ஏற்ற முடியாது, இரண்டு பேருக்கு வேன் எதற்கு. புறப்படும் வெள்ளிக்கிழமையன்றும் அதே பல்லவி. இரண்டு மணிக்கு மேல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பத்தரைக்கோ ராகுகாலம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி அமிர்தவல்லி, பயணமாவது நல்ல நேரத்தில் தொடங்கியதாக இருக்கட்டும் என்று, வீட்டு வழக்கப்படி தன் கைப்பையை எதிர்வீட்டு சுபத்ராவிடம் பரஸ்தானமாகக் கொடுத்துவைத்தாள். கிளம்பும்போது வாங்கிக்கொண்டால் போதும்.

பதினொன்றரைக்கு ஒருவழியாக டாக்சி வந்தது.

“பாஸ்போர்ட், டிக்கெட்டெல்லாம் எங்க?”

“பரஸ்தானப் பையிலதாங்க.”

எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. போனில் சுபத்ரா பதறினாள். “ஐயோ அக்கா, மறந்தே போயிட்டேன்! தாம்பரத்துல ஆபீஸ்ல இருக்கேன். யாராச்சும் வந்து சாவிய வாங்கிக்கோங்க.”

கீழே டாக்சிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அமிர்தவல்லி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சபேசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஏம்மா, தாம்பரத்துக்கு பஸ்ல போறது நல்லதா, ஆட்டோலயா?”