குளிர் வரி

ஊட்டி அணி கோடிகளைக் கொட்டத் தயாராக இருந்தது. ஆனால் அந்த ஊர்க் குளிருக்குப் பாதிச் சம்பளம் வரியாகப் போய்விடும். வேலூரில் வெயில் ஐம்பத்தைந்து டிகிரி, வரி மட்டும் பைசா கிடையாது. ஏழடிக் கூடைப்பந்து வீரன் மாசிலன் கண்ணை மூடிக்கொண்டு வேலூருக்குக் கையெழுத்துப் போட்டான்.

"அந்த அடுப்புக்குள்ள புள்ளைய வளத்த முடியாதுங்க" என்று மனைவி நிறைமதி மகளோடு ஊட்டியிலேயே தங்கிவிட்டாள்.

அவன் ஊட்டிக்குள் கால் வைத்தாலே அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லை செக்போஸ்ட்டில்தான் குடும்பம் நடந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவர்கள்.

அன்று மகளுக்குப் பிறந்தநாள். முத்தம் கொடுக்கக் கம்பிக்கு மேலாகக் குனிந்தான். அந்த உயரம் இதற்காவது உதவட்டுமே!

செக்போஸ்ட்காரர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "சார், தல உள்ள வந்துருச்சு. தல வந்தாலும் வரிதான்."

மாசிலன் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டான். மகளின் உதடுகள் குவிந்தபடியே இருந்தன.

நிறைமதி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இந்த சீசனோட எங்க ஒப்பந்தமும் முடியுதுங்க" என்றாள். "நாங்களும் வேற டீம் பாத்துக்கறோம்."