வில்ஃபின் பல்செட்

மான்செஸ்டர் ஆலையின் தறி இரைச்சலில் வாயசைப்பிலேயே பேசிப் பழகிய தம்பதி பெஸ்ஸியும் வில்ஃபும். போர்க்காலத்தில் ஓர் இரவு, விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஊதியதும் இருவரும் வீட்டிலிருந்து பதுங்குகுழிக்கு ஓடினார்கள். வழியில் வில்ஃப் பொக்கை வாயை என்னவோ அசைத்தான்.

“யோவ், பல்லு இல்லாம நீ பேசுறது ஒரு எழவும் புரியல. போய் மாட்டிக்கிட்டு வா!”

குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது அவன் பதுங்குகுழி வாசலில் வந்து நின்றான். அதே பொக்கை வாய், அதே அசைப்பு.

‘இவ்வளவு நேரம் போயிட்டு வெறும் வாயோடவா வந்த?’ பெஸ்ஸி உதட்டாலேயே திட்டித் தீர்த்தாள்.

“சர்ச் பக்கமே எட்டிப் பார்க்காதவ, என்னமா ஜெபம் பண்றா பாரு!” என்றாள் பக்கத்து வீட்டு ஆக்னஸ்.

விமானங்கள் போனதும் காவலர் வந்து தொப்பியைக் கழற்றினார். “மனச திடப்படுத்திக்கோம்மா. முதல் குண்டே உன் வீட்டு மேலதான். வில்ஃப் உள்ள இருந்தான். செத்துக் கிடந்தவன் கையில இது இருந்துச்சு.”

கைக்குட்டைக்குள் பல்செட் இளித்தது.

பெஸ்ஸி வாசலைப் பார்த்தாள். அவன் இன்னும் அங்கேயே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தான்.

“அங்க யாரடி பார்க்கிற? ஒருத்தரும் இல்லையே!” என்றாள் ஆக்னஸ்.

பெஸ்ஸி எழுந்து போய்ப் பல்செட்டை நீட்டினாள். “இந்தா, மாட்டு. இப்பவாவது புரியுற மாதிரி சொல்லித் தொலை.”

வில்ஃப் மாட்டிக்கொண்டு, நிதானமாக வாயசைத்தான்:

‘அடுப்ப அணைச்சியான்னுதான்டி கேட்டேன்!’