சிவப்புக் கட்டங்கள்

"இதில் போலீஸ் ஸ்டேஷன் எது என்று அவனைக் கேள்," என்றார் வெள்ளைக்கார அதிகாரி.

நான் அந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரந்தாவ் ஊருக்கு அருகில், தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வீடு வீடாகச் சோதனை நடக்கும்போது மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பால்மரம் சீவும் அர்ச்சுனன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கி வாசலில் போட்டிருந்தார்கள்.

அதில் சிவப்புக் கட்டங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள். கோடுகளின் ஓரமெங்கும் மஞ்சள் புள்ளிகள். மனிதரோ மரமோ ஒன்றும் இல்லை.

காட்டில் ஒளிந்து அரசோடு சண்டையிடுகிறவர்களுக்காகப் போட்ட வரைபடம் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். அந்தக் குற்றத்துக்கு விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடலாம். அர்ச்சுனன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

நான் கேட்டேன்.

"டேசனா? இது வெறும் பலகைங்க தொரை," என்றான் அவன்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இது வரைபடம் இல்லை, ஐயா. சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊர். ஞாயிற்றுக்கிழமை மாலை. சிவப்பு, நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். கறுப்பு, பஸ் போன தடம். மஞ்சள், ஒருவரையொருவர் கூப்பிட்டபடி நடக்கிறவர்களின் சத்தம்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"அவன் பேசியது ஒரு வரி. நீ சொல்வது ஒரு பக்கம்."

பேனாவால் பலகையைத் தட்டினார்.

"யார் வரைந்தது?"

அர்ச்சுனன் தயங்கவில்லை. கட்டிய கைகளைப் பிரிக்காமல், நிதானமாகப் பதில் சொன்னான்.

"தெரியாதாம்," என்றேன் அதிகாரியிடம்.

அவனை லாரியில் ஏற்றினார்கள். பலகையையும் ஏற்றினார்கள். லாரி கேட்டைத் தாண்டும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல.

அவன் மனைவி செல்லம்மா அழவில்லை. அழுத பக்கத்து வீட்டு முத்தாயியைத்தான் அதட்டினாள்.

"எதுக்குக்கா ஒப்பாரி வைக்கிற? நம்ம கிராணியாரு இங்கிலீசுல புட்டுப் புட்டு வச்சிட்டாருலா. பொழுது சாயறதுக்குள்ள விட்டுருவாங்க."

என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அர்ச்சுனன் சொன்ன பதில் இதுதான்:

"நம்ம கிராணியாரு வரைஞ்சதுங்க தொரை. செவத்து ஓட்டைய அடைக்கப் பலக கேட்டேன், இதக் குடுத்தாரு."