அறிக்கையில் ஒரு வரி

மலையூர்ப் பிரசவ விடுதியில் இன்னும் ஒரு கட்டில்தான் மிச்சம். மற்றவற்றை லாரியில் ஏற்றியாகிவிட்டது. திரை கழற்றிய சன்னலுக்கு வெளியே மத்தியான வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கட்டிலில் ஐஜாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான்கு நாளைக்கு முன், நகரத்து மருத்துவமனைக்குப் போகும் வழியில், கணவாயில் சிக்கி நின்ற காருக்குள் அவளுக்குப் பிரசவமானது. பிள்ளை தங்கவில்லை. பால் மட்டும் சுரந்துகொண்டே இருக்கிறது. இருபது வருடமாக இங்கே பிரசவங்களுக்குத் துணை நின்ற கல்பூபூ, பால் வற்றட்டும் என்று பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அவள் மார்பைச் சுற்றிக் கட்டுகிறாள்.

சுவரோரம் நோட்டுடன் நிற்பவள் அசில்கான், தலைநகர் பிஷ்கேக்கில் சமூகவியல் பேராசிரியை. பதினோரு வருடம் கல்பூபூவின் பின்னாலேயே நடந்து, அந்தக் கைகள் செய்வதையெல்லாம் எழுதியவள். முந்நூறு பக்க அறிக்கை. அதிலிருந்து, ‘இங்கே பிரசவங்கள் குறைவு’ என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்காட்டி விடுதியைப் போன மாதமே மூடிவிட்டார்கள்.

“மறுபடியும் எழுதுறேன் அக்கா. மூடினது தப்புன்னு எழுதுறேன்.”

“எழுதுவே. நீ நல்லாத்தான் எழுதுவே,” என்கிறாள் கல்பூபூ, திரும்பிப் பார்க்காமல். குரலில் கோபம்கூட இல்லை. “அந்த நோட்டைக் கீழ வச்சிட்டு இந்த முனையைப் பிடி. இறுக்கிப் பிடி.”

அசில்கான் பிடிக்கிறாள். வெளியே லாரிக்காரன் கட்டிலுக்காக ஹாரன் அடிக்கிறான்.

“இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா இது வரும்?” என்று கேட்கிறாள் ஐஜாமல்.

கல்பூபூ துணியை இன்னொரு சுற்றுச் சுற்றுகிறாள். முடிச்சுப் போடும் முன்பே துணியின் நடுவில் ஈரம் பரவுகிறது.